மாதா கோயில் சத்தியம்

"துரோகி! லூர்து பச்சைத் துரோகி!"

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே அமிர்தராஜ் கத்தினான். அடுப்படியில் இருந்த மனைவி இருதயமேரி பயந்துபோய் ஓடி வந்தாள்.

"என்னங்க ஆச்சு?"

"ஸ்ட்ரைக்கை உடைச்சுட்டு இன்னிக்கு வேலைக்குப் போயிட்டான்."

அவளால் நம்ப முடியவில்லை. உறையூர் சுருட்டுக் கம்பெனியில் ஸ்ட்ரைக் தொடங்கி ஒன்பது நாளாகிறது. கூலி உயரும்வரை உள்ளே கால் வைப்பதில்லை என்று இவனும் லூர்துவும் மாதா சொரூபத்துக்கு முன்னால் சத்தியம் செய்தபோது அவளும் பக்கத்தில்தான் நின்றாள்.

"லூர்து அண்ணனா? நம்ம புள்ளைக்கு ஞானத்தகப்பனாச்சே!"

"ஞானத்தகப்பனாம்! முதல்ல வேலைக்கு வர்றவனுக்கு மேஸ்திரி வேலைன்னு முதலாளி நேத்து சொல்லி அனுப்பினார். நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு ஓடிட்டான். மாதாவுக்கே பயப்படாதவன் மனுஷனா? இனி அவன் வீட்டுப் பக்கம் நீ தலைவச்சுப் படுக்கக் கூடாது."

சட்டையைக் கழற்றி அவளிடம் வீசினான். நேற்று துவைத்து, காலையில் அவள் எடுத்துக் கொடுத்த சட்டை அது. இப்போது அதில் புகையிலை வாடை அடித்தது.

அவள் சட்டையைப் பிடித்தபடியே நின்றாள்.

"யாராவது கிளப்பி விட்டிருப்பாங்க. நீங்க கண்ணால பார்த்தீங்களா?"

"பார்க்காம என்ன? காலையில ஆறு மணிக்கே போயிட்டேன். ரெஜிஸ்டரைத் திறந்தா, முதல் கையெழுத்து அவனோடது! அதுக்குக் கீழேதான் நான் போட வேண்டியதாப் போச்சு."