உடையாத ஆக்சில்

மேலப்பாளையம் பட்டறையில், இரண்டு பின்சக்கர ஆக்சில்களுக்கு நடுவே சிவசைலம் முழித்துக்கொண்டு நின்றார்.

ஒன்று, போன ஞாயிறு அவருடைய ஜீப்பில் உடைந்ததன் மறுபதிப்பு. மற்றொன்று ஏதோ சரக்கு லாரியிலிருந்து கழற்றியது, உலக்கைக் கனம்.

மெக்கானிக் ஷேக் மைதீன் லாரி ஆக்சிலைத் தட்டிக் காட்டி, யானை ஏறி உட்கார்ந்தாலும் இது அசையாது என்றார்.

சிவசைலம் மற்ற ஆக்சில் பக்கமாக நகர்ந்துகொண்டார்.

இன்சூரன்ஸ் ஆபீஸ் மேனேஜர் அவர். ஐம்பத்திரண்டு வயதில் காட்டு ஜீப் ஆசை பிடித்துக்கொண்டது. இடுப்பு உயரச் சக்கரம், கூரைமேல் வரிசையாக எட்டு விளக்கு. பாளையங்கோட்டைக்குள் போனால் டீக்கடையில் நிற்பவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். அதற்காகவே பால் வாங்கக்கூட ஜீப்பில்தான் போவார்.

ஞாயிறுதோறும் ஜீப் கிளப்காரர்கள் ஏழு பேர், ராதாபுரம் பக்கம் மூடிக்கிடக்கும் ஒரு கல்குவாரிக்குப் போவார்கள். அதன் செங்குத்துச் சரிவில் ஏறுவதுதான் லட்சியம்.

இரண்டு வருடமாக அது லட்சியமாகவே இருக்கிறது. அடிவாரத்திலேயே யாராவது ஒருவருடைய வண்டி படுத்துவிடும். நண்பனைத் தவிக்கவிட்டு மேலே போவது வீரனுக்கு அழகா? மற்றவர்கள் கனத்த மனதோடு பனைமரத்தடியில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள்.

போன வாரம் படுத்தது சிவசைலத்தின் வண்டி. அப்பாடா என்றுதான் இருந்தது அவருக்கு. ஆனால் வாய் சும்மா இருந்தால்தானே. பலமான ஆக்சிலோடு வருகிற ஞாயிறு உச்சியில் நிற்பேன் என்று வாட்ஸாப் குழுவில் எழுதிவிட்டார். கிளப் தலைவர் குமரவேல் உடனே கைதட்டல் படம் போட்டார். மனைவி விஜயஸ்ரீ, தன் பள்ளிக்கூட டீச்சர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டாள்.

அந்தச் சரிவை அண்ணாந்து பார்க்கவே அவருக்குப் பயம். இது கிளப்பில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் மானம் போய்விடும்.

லாரி ஆக்சில் கனம் கூடுதலோ என்று இழுத்தார். டீசல் குடிக்குமோ என்றார். ஜீப்பின் லட்சணம் கெட்டுப்போகாதா என்றுகூடக் கேட்டார். ஷேக் மைதீன் எல்லாவற்றுக்கும் இல்லை என்று பொறுமையாகத் தலையாட்டினார்.

கடைசியில் சிவசைலம் குரலைத் தாழ்த்தினார்.

"ஒடையவே ஒடையாதா, பாய்?"

ஷேக் மைதீன் அவர் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு லாரி ஆக்சிலைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு மற்றதைத் தூக்கினார்.

"இதையே மாட்டுதேன், சார். ஆனா இந்த ஞாயித்துக்கெழம தன் வண்டி ஒடையுத மாதிரி செஞ்சு தரணும்னு உங்க தலைவர் நேத்தே வந்து சொல்லிட்டுப் போயிட்டாரு. நீங்க அடுத்த வாரம் ஒடைச்சுக்கிடுங்க."