வலி எத்தனை?

இரண்டு கால்களையும் ஊன்றி எம்பினாள். வலது காலைத் தூக்கிக்கொண்டாள். இடது குதிகாலை மட்டும் மரப்படியின் விளிம்புக்குக் கீழே மெல்ல இறக்கினாள்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி இறக்க வேண்டும். பொத்தென்று விழுந்தால் கணக்கில் சேராது.

முதுகுப்பையில் பத்து கிலோ மணல்.

மூன்றாவது எண்ணில், குதிகாலுக்கு மேலே சூடு போட்டதுபோல் இழுத்தது. அவள் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தால் காரியம் கெட்டது.

"வலி எத்தன?" என்றார் பெனிட்டா.

"ரெண்டு மேடம்."

ஆறு. ஏழாகக்கூட இருக்கலாம்.

அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி அறையில் எல்லாருக்கும் ஒரே அளவுதான். பூஜ்யம் என்றால் வலி இல்லை. பத்து என்றால் உயிர் போகிறது. மூன்றுவரை பாதகமில்லை. தாண்டினால் எடையைக் குறைப்பார்கள், நாளைத் தள்ளிப்போடுவார்கள்.

பெனிட்டா முதல் நாளே எச்சரித்திருந்தார்.

"எடை ஏற ஏறத்தான் குதிகால் நரம்பு உரமாகும். தாங்காத எடைய வச்சா நார் நாராப் பிஞ்சிடும். உள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாதும்மா. நீ சொல்ற நம்பர நம்பித்தான் நான் எடைய ஏத்தறேன்."

பாவம், நல்ல மனுஷி. அவள் சொன்ன ஒவ்வொரு இரண்டையும் நம்பினார். நம்பி நம்பி மணலைக் கூட்டினார்.

நரம்பில்லாத நாக்கு எதையும் சொல்லும். காலையில் எழுந்தால் கழிவறைவரை அவள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போகிறாள். அதை யாரிடம் சொல்வது?

வியாழக்கிழமை காவலர் தேர்வுக்கான ஓட்டம். நானூறு மீட்டர். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். அடுத்த ஆண்டு வயது தாண்டிவிடும். ஓடாவிட்டால் மறுபடி நூல் மில்தான். எட்டு மணி நேரம் நிற்க வேண்டும், மூக்கெல்லாம் பஞ்சு. பயிற்சி மையத்து மாஸ்டரோ கறாராகச் சொல்லிவிட்டார், பிசியோ கையெழுத்து இல்லாமல் மைதானத்தில் இறங்கக் கூடாதென்று.

"போதும், எறங்கு. ஓடலாம்னு சீட்டு எழுதித் தர்றேன். செத்த உக்காரு."

அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷமா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை.

அவள் போய் உட்கார்ந்த பெஞ்சில் மாயழகு இருந்தார். கொத்தனார். ஐம்பது வயதிருக்கும். கிரானைட் பலகை சரிந்து குதிகால் நரம்பு அறுந்து, தைத்து நாலு மாதமாகிறது.

மனிதருக்குப் பொய் வராது. எத்தனை என்று கேட்டால் ஆறு என்பார், ஏழு என்பார். ஒரு நாள் ஏழரை என்றார். "ஏழரை என்னைய விட்டு எப்பம்மா போயிருக்கு?" என்று தானே சிரித்தார். அதனால் இன்றுவரை இரண்டு காலையும் ஊன்றித்தான் எம்பிக்கொண்டிருக்கிறார். மேஸ்திரி வேறு ஆள் பார்க்கப் போவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். சாரம் ஏறத் தெரிந்தவர்கள் ஊரில் நிறையப் பேர்.

அவர் அவள் பக்கம் சாய்ந்தார்.

"நெசத்தச் சொல்லு தாயி. எத்தன?"

பெனிட்டா குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

இந்த ஒருவரிடம் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. மடியில் ஒரு கையை விரித்தாள். மறு கையில் ஒரு விரலை நீட்டினாள்.

இரண்டு மாதத்தில் அவள் சொன்ன முதல் உண்மை. சொன்னதும் நெஞ்சு லேசாயிற்று.

மாயழகு அந்த விரல்களைப் பார்த்தார். பிறகு மேசைமேல் இருந்த சீட்டைப் பார்த்தார். அதில் முத்திரை விழுந்துகொண்டிருந்தது.

"இந்தாம்மா. வியாழக்கெழம நல்லா ஓடு."

வாங்கிக்கொண்டாள்.

"மாயழகண்ணே, வாங்க. இன்னிக்கு எத்தன?"

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரப்படியில் ஏறினார். சுவரைப் பிடித்தார். யாரையும் பார்க்கவில்லை.

"ரெண்டு."

பெனிட்டாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா, நான் சொன்னேன்ல? அப்ப இன்னிக்கு ஒத்தக் கால்ல எறங்கிருவோம். தச்ச கால்ல. மெதுவா."

எழுபது கிலோ உடம்பு. முழுக்க அந்தத் தையலில் இறங்கும்.

மாயழகு எம்பினார். நல்ல காலைத் தூக்கினார். தைத்த கால் நடுங்குவதை அவள் பார்த்தாள். அது எத்தனை என்று அந்த அறையில் அவளுக்குத்தான் தெரியும்.

ஒரு வார்த்தை போதும். மேடம், அவர் பொய் சொல்கிறார்.

உனக்கு எப்படித் தெரியும் என்று மேடம் கேட்பார்.

அவள் சீட்டை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள்.

"ஒண்ணு..." என்று பெனிட்டா எண்ணத் தொடங்கினார்.

கதவுக்குப் பத்தடி தூரம் இருந்தது. நொண்டாமல் நடக்க வேண்டும். அதை மட்டுமே நினைத்துக்கொண்டு நடந்தாள்.