தொட்டில் வேட்டி

"ஏட்டி, பிள்ளைக்குத் தொட்டில் கட்டுன வேட்டியையா சாயத்துல முக்குத? நீயெல்லாம் பெத்தவதானா?"

சுப்புத்தாய் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். மருமகள் சுகுணா அண்டாவை விட்டு நிமிரவில்லை.

"பெட்டியில கிடந்தா பூச்சிதான் அரிக்கும் அத்தே. படமாத் தச்சு சுவர்ல மாட்டுனா, பிள்ளை நம்ம கண்ணு முன்னால இருக்கும்."

"தரையில போட்டுக் கொன்னவளுக்கு இப்பக் கண்ணு முன்னால வேணுமாக்கும்!"

சுகுணா கழியால் வேட்டியைச் சாயத்துக்குள் இன்னும் ஆழமாக அமுக்கினாள்.

துணியில் படம் தைப்பது அவள் வேலை. புருஷன் விஜயராஜுக்குக் கோவில்பட்டி கடைத்தெருவில் தையல் கடை. அங்கே விழுகிற வெட்டுத்துணி, நூல் எல்லாவற்றையும் அள்ளிவந்து, ஒரே அண்டாவில் போட்டு, எது எந்த நிறத்துக்கு வருகிறது என்று பார்ப்பாள். பருத்தி சொன்ன பேச்சைக் கேட்கும். பட்டு தன் இஷ்டத்துக்கு ஒரு நிறம் காட்டும். இந்தப் பாலியஸ்டர் இருக்கிறதே, மகா அழுத்தம்! என்ன கொதிக்க வைத்தாலும் வெள்ளை வெள்ளையாகவே வெளியே வரும்.

இந்த முறை அவளுக்கு வேண்டியது மழை பெய்து ஓய்ந்த கரிசலின் கறுப்பு. பிள்ளையைப் புதைத்த மண்ணின் நிறம்.

ஆறு வருஷம் ஆகிவிட்டது. முதல் பிள்ளைக்குத் தாத்தா வேட்டியில்தான் தொட்டில் கட்ட வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். ஆயுசு கெட்டியாம்! "ரொம்பப் பழசா இருக்கே அத்தே" என்று சுகுணா தயங்கினாள். "என் கையால எடுத்துத் தாரேன், பேசாமக் கட்டு" என்று அதட்டியவள் சுப்புத்தாய்தான்.

சுப்புத்தாய் கழுகுமலைக் கோயிலுக்குப் போயிருந்த ஒரு நாள், பொத்தென்று சத்தம். அடுப்படியிலிருந்து சுகுணா ஓடிவந்தபோது விஜயராஜ் பிள்ளையைக் கையில் ஏந்தியிருந்தான். பிள்ளை அழவில்லை. அவள் பிள்ளையைத்தான் பார்த்தாள், தொட்டிலைப் பார்க்கவில்லை.

"முடிச்சு அவுந்துட்டு சுகுணா" என்றான்.

முடிச்சுப் போட்டவள் அவள்.

விஜயராஜ் அவளை ஒரு வார்த்தை கடிந்ததில்லை. தொட்டிலை அவிழ்த்து, வேட்டியைத் துவைத்து மடித்து அம்மாவின் பெட்டியில் வைத்தவனும் அவன்தான். அம்மா வாயைத் திறந்தாலே அடக்கிவிடுவான். அந்த மனசு யாருக்கு வரும் என்று சொல்லாத ஆள் இல்லை. சுகுணாவும் அப்படித்தான் நினைத்தாள். ஆனாலும் கயிற்றைக் கண்டால் இன்றைக்கும் அவள் விரல்கள் தானாக முடிச்சுப் போட்டு இழுத்துப் பார்க்கும். எங்கே பிசகினேன்? எங்கே பிசகினேன்?

வேட்டியை அலசிக் கொடியில் விரித்தாள். நினைத்த கறுப்பு அப்படியே வந்திருந்தது.

நடுவில் மட்டும் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளைக் கோடு.

கிட்டப் போய்ப் பார்த்தாள். கோடு இல்லை. பாலியஸ்டர் நூலில் முன்னும் பின்னும் நெருக்கி ஓட்டிய மிஷின் தையல். முடிச்சு விழுகிற முனையில் இல்லை, பிள்ளை படுத்துக் கிடக்கிற நடுவில். வெள்ளையில் வெள்ளையாக இத்தனை வருஷம் யார் கண்ணிலும் படாத தையல்.

முடிச்சு அவிழவே இல்லை. வேட்டி கிழிந்திருக்கிறது.

கிழிந்த இடம் தெரியாமல் தைக்க பசுவந்தனையிலிருந்துகூட விஜயராஜைத் தேடி வருவார்கள். அந்தக் கை அவளுக்குத் தெரியாதா?

"அது என்னட்டி வெள்ளையா?" என்று சுப்புத்தாய் பக்கத்தில் வந்தாள்.

சுகுணா மாமியாரைப் பார்த்தாள். வேட்டியை எடுத்துக் கொடுத்த கை. தெரிந்தால் இந்த மனுஷி தாங்க மாட்டாள்.

"சாயம் சரியாப் பிடிக்கலை அத்தே" என்று சட்டென்று வேட்டியை மடித்துக்கொண்டாள்.

"எதை உருப்படியாச் செஞ்ச! அன்னைக்கு முடிச்சும் இப்படித்தான..."

வாசலில் பைக் வந்து நின்றது. விஜயராஜ் இறங்கும்போதே குரல் கொடுத்தான்.

"பழசைக் கிளறாதம்மா. பெத்த தகப்பன், நானே அவளை மன்னிச்சிட்டேன்லா!"