சின்ன ரிவியே போதும்

“பெரிசு வேண்டாம் தம்பி. அந்தச் சின்னத் தட்டை ரிவியைக் காட்டுங்கோ,” என்றாள் பிலோமினா.

கிளிநொச்சிக் கடைக்காரர் றிமோட்டை எடுத்தார். “போட்டுக் காட்டட்டோ அக்கா?”

“வேண்டாம். இஞ்சேருங்கோ, எங்கட வீட்டுக்கு இது எடுப்பாயிருக்குமோ?”

“ஓம், மகனும் குறை சொல்லமாட்டான்,” என்றார் பக்கத்தில் நின்ற கணவர் செபமாலை.

“அப்ப பெட்டியில போட்டுக் கட்டட்டோ?”

பிலோமினா மெல்லக் கமராவை வெளியே எடுத்தாள். “கட்டவேண்டாம் தம்பி. பிரான்சிலயிருந்து மகன் ரிவிக்கு அனுப்பின காசில மீன்பிடி வலை வாங்கிப்போட்டம். இதை வீட்டில வச்சிருக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பவேணும்…”

கடைக்காரர் கோபப்படவில்லை. ரிவியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னறைத் திரைச்சீலையை விலக்கினார். உள்ளே ஒரு வீட்டு முன்னறை போல இரண்டு கதிரை, பூச்சாடி, சுவரில் பிள்ளையார் படம்.

பிலோமினாவின் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார். பிள்ளையாரைக் கழற்றிவிட்டு, அலுமாரிக்குள் ஆயத்தமாய் இருந்த மாதா படத்தை எடுத்து அதே ஆணியில் மாட்டினார்.

“இருங்கோ அக்கா, உங்கட வீடு மாதிரி.”