கடலுக்குப் போன மிச்சம்

பூம்புகாரில் காவிரி கடலில் சேரும் இடத்துக்கு வண்டியை விடச் சொன்னேன். என் மகன் ராம்கிக்குச் சுத்தமாக இஷ்டமில்லை.

சம்பந்தம் பேச வந்தவர்களுக்குப் பெரிய கோயிலைக் காட்டு, கல்லணையைக் காட்டு, போயும் போயும் அந்த வாய்க்காலையா காட்டுவாய் என்று காலையிலிருந்தே முணுமுணுத்துக்கொண்டிருந்தான். புதுச் சட்டையும் அதுவுமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, பேசாமல் வண்டியை ஓட்டு என்று அடக்கிவிட்டேன். புறப்படுவதற்கு முன் நானும் மூன்று புடவை மாற்றியவள்தான். அது வேறு விஷயம்.

வந்தவர்கள் இரண்டே பேர். அறிவுமதி, அவருடைய ஒரே மகள் சுடர்விழி. அம்மா இல்லாத பெண். கன்னியாகுமரிப் பக்கம் அவர்களுக்கு ஒரு லாட்ஜ் இருக்கிறது. முன்னால் கடல், பின்னால் மலை.

அந்த ஊர்ப் பெருமையை வழியெல்லாம் கேட்டாயிற்று. அருவி, கலங்கரை விளக்கம், படகுச் சவாரி, சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்க மலைமேல் ஒரு பாறை. சுடர்விழி செல்போனில் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். லாட்ஜுக்கு வருகிறவர்களுக்குக் காட்டிப் பழகியவள். அழகாகத்தான் இருந்தது, ஒப்புக்கொண்டேன். இருக்கிறதை இல்லையென்று சொல்வானேன்?

பதிலுக்கு நான் தரங்கம்பாடிக் கோட்டையைக் காட்டினேன். ஒப்புக்கு நன்றாக இருக்கிறது என்றாள்.

மற்றதெல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. ஒன்றுதான் இடித்தது. கல்யாணத்துக்குப் பிறகு லாட்ஜோடு வந்து இருந்துவிட வேண்டும் என்றாள் சுடர்விழி.

திருக்காட்டுப்பள்ளியில் எங்களுக்கு ஐந்து ஏக்கர் நஞ்சை. வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷமாகிறது. தண்ணீர் வந்த வருஷம் எதிலும் அதை நான் தரிசாகப் போட்டதில்லை. குத்தகைக்கு விட்டுவிடலாமே என்று இந்தப் பெண் சுலபமாகச் சொல்லிவிட்டாள். அவள் சரியென்றால்தான் சரி. மகள் சொல்லைத் தட்டுகிற ஆள் இல்லை அறிவுமதி.

இந்தச் சம்பந்தம் கூடிவர வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. அதற்காக வயலை விடமுடியுமா என்ன?

வண்டியை விட்டு இறங்கி மணலில் நடந்தோம். ஆறு முழங்கால் ஆழத்தில் சத்தமில்லாமல் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. இந்தக் கரையிலிருந்து பேசினால் அந்தக் கரையில் கேட்கும்.

சுடர்விழி நின்றுவிட்டாள். இதுவா காவேரி என்று கேட்டாள். எங்கள் மலையிலிருந்து இறங்குகிற ஓடையே இதைவிடப் பெரிதாகக் கடலுக்குப் போகிறது என்றாள்.

ராம்கி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் இதைக் கேட்கட்டும் என்றுதானே கூட்டிவந்தேன்.

"உங்க ஓடைக்கு வழியில வேலை இல்லம்மா, நேரா கடலுக்கு வந்துடுது. இது கல்லணையிலேர்ந்து ஒவ்வொரு மதகா குடுத்துக் குடுத்து வருது. எங்க வயலுக்கும் குடுத்துட்டுத்தான் வருது. இதுக்கு மேல இங்க வந்து சேந்தா, எங்கயோ ஒருத்தர் வயல் காஞ்சு கெடக்குன்னு அர்த்தம்."

இப்போது வயலில் என்ன இருக்கிறது என்று கேட்டாள் சுடர்விழி. நட்டுப் பதினெட்டு நாள் ஆகிறது, நாளைக்குக் களையெடுக்க ஆள் வருகிறார்கள், விடிவதற்குள் நான் போய்த் தண்ணீர் திருப்ப வேண்டும் என்றேன். கெஞ்சுகிற குரலில் சொல்லவில்லை. எனக்கு அது வராது.

அறிவுமதி அதற்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கியிருந்தார். லாட்ஜில் ரூம் சாவி கொடுப்பதைத் தவிர வேறெதிலும் அப்பாவுக்கு இப்போதெல்லாம் நாட்டமில்லை என்று காரில் அவள் வருத்தப்பட்ட மனிதர் இவர்தான். அங்கிருந்தே கேள்வி கேட்டார். எத்தனை மதகு, யார் திறப்பது, முறை வைத்துத்தான் விடுவார்களா, ராத்திரி யாராவது மடையை மாற்றிவிட்டால் என்ன செய்வீர்கள். கடைசியில், நாளைக்குத் தண்ணீர் திருப்பப் போகும்போது தானும் வரலாமா என்றார்.

காலை நாலரைக்கு எழுந்திருக்க வேண்டும் என்றேன். எழுந்துவிடுவேன் என்றார்.

சுடர்விழி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி என் கையைப் பிடித்தாள்.

"அப்பாவைக் கட்டிக்கிட்டு நீங்க அங்க வந்துடணும்னு சொன்னேன்ல, அது வேண்டாம். லாட்ஜை நான் பாத்துக்கிடுறேன். அவரை நீங்க இங்கேயே வச்சுக்கிடுங்க."