வெள்ளை டாப்

மாமி வருவதற்குள் ரெண்டு பக்கமும் தைத்து முடித்துவிட வேண்டும். மிஸ்ரியா மெஷினை மிதித்த மிதியில் பக்கத்து வீட்டுக்காரிக்கே கால் வலித்திருக்கும்.

நாளைக்குக் குற்றாலத்தில் தோழி ஷிஃபாவுக்கு நிச்சயம். தோழிகள் எல்லோரும் வெள்ளையில்தான் வர வேண்டுமாம்.

யூடியூப்காரி சொன்னது சுலபமாகத்தான் இருந்தது. துணியை ரெண்டாக மடி, மடிப்பின் நடுவில் கழுத்துக்கு வெட்டு, கைக்கு இடம் விட்டுப் பக்கங்களைத் தை. அளவும் வேண்டாம், டெய்லரும் வேண்டாம். தோளிலிருந்து கெண்டைக்கால் வரை தொளதொளவென்று அழகாக விழும்.

மாமி ஷமீம் பானு அச்சன்புதூருக்குப் போயிருந்தாள். அங்கே ஒரு மவுத்து. சுற்றுவட்டாரத்தில் எந்தப் பெண் இறந்தாலும், குளிப்பாட்டி அனுப்ப அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

கடைசித் தையலை முடித்த நேரம், சார்ஜாவிலிருந்து புருஷன் அல்தாப் வீடியோ காலில் வந்தான். மிஸ்ரியா டாப்பைத் தன்மேல் வைத்துக் காட்டினாள்.

"எப்படி இருக்கு மச்சான்? போன தடவ நீங்க கொண்டாந்த துணிதான். பீரோவுல அடியில கெடந்துச்சு."

"நான் எப்ப வெள்ளத் துணி கொண்டாந்தேன்?" அவன் முகம் மாறியது. "பச்சப் பையிலயா இருந்துச்சு?"

"ஆமா."

"அடிப்பாவி! உம்மா ஹஜ்ஜுக்குப் போனப்ப வாங்கி, ஜம்ஜம் தண்ணியில நனச்சுக் கொண்டாந்தது. ஏட்டி, அது அவுக கஃபன் துணி!"

மிஸ்ரியா டாப்பைச் சட்டென்று தன் மேலிருந்து எடுத்தாள். செத்தால் தன்னைச் சுற்றி அடக்க வேண்டுமென்று மனுஷி மக்காவிலிருந்து மடியில் வைத்துச் சுமந்து வந்த துணி! அதைப் போட்டுக்கொண்டு நிச்சய வீட்டில் செல்ஃபி எடுக்க இருந்தாளே பாவி. பீரோச் சாவியை மாமி நம்பிக் கொடுத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை.

"இப்ப என்ன செய்ய மச்சான்? இதே மாரி தென்காசியில ஒண்ணு வாங்கி வச்சிரவா?"

"ஜம்ஜம் தண்ணிக்கு எங்க போவ? பேசாம உண்மையச் சொல்லிரு."

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. "நான் பொறவு பேசுதேன்" என்று அல்தாப் போனைக் கட் பண்ணினான். ஆபத்துக்கு உதவாத புருஷன்!

"ஏட்டி, மொதல்ல சூடா ஒரு டீயப் போடு" என்று சொல்லிக்கொண்டே வந்த ஷமீம் பானு, அப்படியே நின்றாள். பீரோ திறந்து கிடந்தது. பச்சைப் பை தரையில். வெட்டிய துணி மருமகள் கையில்.

"மாமி... தெரியாம வெட்டிட்டேன். மச்சான் கொண்டாந்ததுன்னு நெனச்சேன். அடிக்கணும்னா அடிச்சிருங்க, இப்படிப் பேசாம மட்டும் நிக்காதிய."

மாமி கிட்டே வந்தாள். டாப்பைப் பிடுங்கி உதறினாள். கழுத்து வெட்டுக்குள் விரலை விட்டு அளந்தாள். பிறகு தன் தோளில் வைத்து, கீழே எதுவரை வருகிறது என்று குனிந்து பார்த்தாள். அவள் முகம் கல்லாக இறுகியிருந்தது.

மிஸ்ரியாவுக்கு அழுகை பீறிட்டுவிட்டது. "நான் எங்க உம்மா வீட்டுக்கே போயிருதேன் மாமி. ஒங்க மொகத்துல முழிக்க எனக்குத் தகுதி இல்ல."

ஷமீம் பானு டாப்பை மடித்து அவள் கையிலேயே வைத்தாள்.

"கஃபன்ல போடுத சட்டையும் இப்படித்தாண்டி வெட்டுவோம். அதுல தையல் ஆகாது, அத மட்டும் பிரிச்சுரு."