எட்வினின் உபவாசம்

எட்வினுக்கு வயிற்றில் புற்று. அடுத்த வாரம் ஆபரேஷன். அதற்காக மர்பி டவுன் வீட்டு முன்னறையில் சபைப் பெண்கள் நான்கு பேர் பாய் விரித்து உபவாச ஜெபம் செய்கிறார்கள். எடை இன்னும் குறைந்தால் கத்தி வைக்க மாட்டேன் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். காலையில் மனைவி சோஃபியா கலக்கிக் கொடுத்த புரோட்டீன் பால் ஜன்னலோரம் ஆடை கட்டிக் கிடக்கிறது.

"ஏங்க, இன்னும் குடிக்கலையா?"

"நானும் உபவாசம்," என்கிறான் எட்வின், கண்ணைத் திறக்காமலே. "எனக்காக இவங்க பட்டினி கெடக்கறாங்க. நான் மட்டும் மடக்கு மடக்குன்னு குடிக்கறதா? சும்னே வாய மூடிட்டு இருடி."

சோஃபியாவுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஜெபிக்கிறவர்களைத் திட்ட முடியாது. எலும்பும் தோலுமாக இருப்பவனை அடிக்கவும் முடியாது. அடுக்களைக்குப் போய், டப்பாவில் மிச்சமிருந்த புரோட்டீன் மாவையெல்லாம் பாலில் கொட்டிக் கலக்குகிறாள். கரண்டி பாத்திரத்தில் இடிக்கிற சத்தத்தில் ஜெபம் தடுமாறி நிற்கிறது. ஐந்து டம்ளர்களைப் பாய் நடுவில் டங்கென்று வைக்கிறாள்.

"நீங்க குடிச்சாத்தான் அவரு குடிப்பாரு, பெட்டி ஆன்ட்டி. இல்லன்னா டாக்டருக்கு நீங்களே பதில் சொல்லுங்க."

ஜெபத்தை நடத்துகிற பெட்டி ஆன்ட்டி எட்வினின் துருத்திய கழுத்தெலும்பையே பார்க்கிறாள். பிறகு முக்காட்டை ஒதுக்கிக்கொண்டு ஒரு வாய் குடிக்கிறாள், முகம் கோணிப்போகிறது.

"ஐயோ ஏசப்பா! இதையா தெனமும் குடிக்கற?"

"அப்படிக் கேளுங்க ஆன்ட்டி," என்று எட்வின் நியாயம் கிடைத்தவனைப் போல நிமிர்ந்து உட்கார்ந்து, தன் டம்ளரை எடுக்கிறான்.